லுங்கியில் ஒட்டி வந்த செடி

போன கார்த்திகையில் ஒரு கல்லூரியிலிருந்து டீச்சர் ஒருவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் செடி பார்க்க எங்கள் மலைக்கு வந்திருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி, கொல்லை ஓரமாகவே குனிந்து குனிந்து நடந்து வந்தவர்கள், எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்கள். டீச்சர் அங்கே நின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு இங்க என்ன பேரும்மா சொல்வீங்க?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டுக்காரி சத்தமாகப் பேரைச் சொன்னாள். சொன்ன பிறகு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளைகளில் ஒன்று அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

அது என் வீட்டுக்காரர் பேர். எங்கள் ஊரில் அந்தச் செடிக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அதனால் என் வீட்டுப் பின்னால் நிற்கும் செடியின் பேரையும் சொன்னதில்லை. 'அது' என்பேன். இங்கே எழுதவும் கை வரவில்லை.

இது நம் ஊர்ச் செடி இல்லை, கடல் தாண்டி எங்கேயோ இருந்து மாட்டுத் தீவனத்துக்கென்று கொண்டுவந்தது, பிறகு தானாகப் பரவிவிட்டது, துவரை, அவரை குடும்பம் என்று டீச்சர் சொன்னார். "ஆனா இந்த மலை மேல இவ்ளோ தூரம் எப்படி ஏறி வந்துச்சு?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் பலகையில் எழுதித்தான் காட்டுவேன். இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

அவர் போனது ஒரு மாசி மாதத்தில். புளி உலுக்கும் நேரம். இன்னும் இரண்டு மரம் உலுக்காமல் நின்றது. மிளகு பறிக்க எஸ்டேட்டுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் மூன்று பேரோடு கிளம்பினார். சித்திரையில் அந்த மூன்று பேர் வந்தார்கள். அவர் வரவில்லை.

மூவரில் ஒருவன் அவருடைய சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். அவன்தான் அவருடைய மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"வர்ற வழியில ஒரு பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு வர்றேன்னு எறங்குனாரு அண்ணி. அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான். கூவிக்கினே இருந்தோம். பின்னால பஸ்ஸுல வந்துடுவாருன்னு பார்த்தோம்" என்றான். பையை என் கையில் கொடுக்காமல் கீழே வைத்தான்.

என் மகன் அந்த ஊருக்குப் போய் மூன்று நாள் பஸ் ஸ்டாண்டிலேயே போட்டோவைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

நான் அவரோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவள். சந்தைக்குப் போனால் ரோட்டைத் தாண்ட என் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும் மனிதர். லாரிக்காரன் ஆரன் அடித்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுவார். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஊர் வந்து, எல்லோரும் இறங்கி, டிரைவரும் இறங்கிய பிறகுதான் எழுந்திருப்பார். அவர் டீ குடிக்க இறங்கினார் என்பதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று முதல் சமைத்ததில் ஒரு பங்கை அவர் தட்டில் போட்டு மூடி வைத்தேன். வேலை முடிந்து நேரம் கழித்து வரும் ஆளுக்கு வைப்பதுபோல. மறுநாள் காலையில் அது கோழிக்குப் போகும். சாமைச் சோறு ஒரு நாள் கிடந்தால் மணல் மாதிரி உதிர்ந்துவிடும். கோழி கொத்தும் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் வீட்டுக்குள் போய்விடுவேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்போம். ஒருத்தருக்கு ஓர் இலை. மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. அந்த வருஷம் மகன் வாழையிலையை நறுக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"எம்மா, எல ரெண்டா, மூணா?"

இலை போட்டால் நானே அவரைச் சாகடித்ததாகும். போடாமல் விட்டு அவர் செத்துப்போயிருந்தால், அப்பா அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுப் பசியோடு போவார். "ரெண்டு" என்றேன். தட்டை மட்டும் அடுப்பங்கரையில் மூடி வைத்தேன். படையல் முடித்து உள்ளே வந்தபோது தட்டின் மூடி தரையில் கிடந்தது. சோறு அப்படியே இருந்தது. பூனையாக இருக்கும் என்றான் மகன். பூனை என்றால் சோற்றில் வாய் வைத்திருக்காதா?

மஞ்சள் பையை அதுவரைக்கும் நான் பிரிக்கவில்லை. ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருந்தது. அடுத்த வைகாசியில், அதன் அடியில் எலிப் புழுக்கை கிடந்ததைப் பார்த்துத்தான் இறக்கினேன். ஒரு சட்டை, ஒரு சீப்பு, ஒரு லுங்கி. நீலக் கட்டம் போட்ட லுங்கி. கரைக்குப் பக்கத்தில் பீடி நெருப்பு விழுந்த ஓட்டையை நான் சிவப்பு நூலால் தைத்திருந்தேன். அந்தத் தையல் கண்ணுக்கே தெரியவில்லை. லுங்கி முழுக்க ஏதோ காய் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும், உள்ளும் புறமும்.

எங்கள் மலையில் துணியில் ஒட்டுவது எதுவென்று எனக்குத் தெரியும். நாயுருவி குத்திக்கொண்டு நிற்கும். ஊசிப்புல் உள்ளே நுழைந்து தோலைச் சுரண்டும். இது அந்த இரண்டும் இல்லை. தட்டையாக, பழுப்பாக, பொட்டு அளவு வில்லைகள். இழுத்தால் 'சர்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு துணியை விடும். விரலில் ஒட்டிக்கொள்ளும். பாதி லுங்கிக்குமேல் என்னால் பிடுங்க முடியவில்லை. மீதியை அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

பிடுங்கியதை எறிய மனசு வரவில்லை. எங்கேயோ முளைத்து நின்ற செடிதானே இவர்மேல் ஒட்டியிருக்கிறது. என்ன செடி என்று தெரிந்துவிட்டால், அது நிற்கும் இடத்தைத் தேடலாம். இடம் தெரிந்தால் அவர் போன வழி தெரியும். ஆளிடம் கேட்கத் தெரியாதவளுக்கு வேறு என்ன வழி? ஆனி மாதம் முதல் மழை விழுந்ததும், வீட்டின் பக்கவாட்டில் பின்பக்கம் போகிற தடத்தின் மூலையில் மண்ணைக் கொத்தி, அதைத் தூவினேன்.

ஒன்பதாம் நாள் முளைத்தது. முதலில் வந்த இலைகள் ஒற்றை ஒற்றையாக வந்தன. பிறகு ஒரு காம்புக்கு மூன்று இலை, துவரையைப் போல. நடு இலை பெரியது, பக்கத்து இலை இரண்டும் கொஞ்சம் சின்னது. மேலே பச்சை, அடியில் வெளிறல். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னக் காது மாதிரி தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டு நேராக நிற்கும். தடவினால் வரி வரியாகத் தெரியும். பூனைமுடி போல மயிர் இருந்தது. ஆனால் கையை எடுக்கும்போது அது கையை விடாது, லேசாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடும். ஆவணியில் என் இடுப்பளவு, புரட்டாசியில் என் தலைக்குச் சமம். களை மாதிரி வந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் வேர்க்கடலைக்கு இருப்பதுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். "இன்னாக்கா, கீரையா? கடையுற பதம் வந்தா எனக்கும் ஒரு கைப்பிடி குடு."

"கீரையில்ல."

"பூச்செடியா?"

"தெரியல."

"தெரியாததுக்கா குடம் குடமா ஊத்துற? எம் புள்ளைங்களுக்குக்கூட நான் இப்படி ஊத்துனதில்ல" என்பாள். ஒரு நாள் அவள் மாடு வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி இரண்டு செடியை உச்சியோடு தின்றுவிட்டது. "மாடு திங்குது, அப்ப நல்ல செடிதான்" என்று அவளே முடிவு சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் பூத்தது. உச்சியில் மெல்லிசாகக் கிளை பிரிந்து, அங்கொன்று இங்கொன்றாகப் பூ. அவரைப் பூவின் சாடைதான். ஆனால் ஒரு துவரம்பருப்புக்கு மேல் பெரிதில்லை. காலையில் ஊதா கலந்த ரோஸ் நிறம். வெயில் ஏறினால் நீலமாகி, சாயங்காலம் பச்சை கலந்த நிறத்தில் வாடித் தொங்கும், அடிபட்ட இடம் கன்றிப்போவதுபோல. பிறகு காய். நீளக் காம்பில் சங்கிலி மாதிரி ஐந்து, ஆறு கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு வில்லை, அதற்குள் ஒரு விதை. காய் நேராக இருக்காது. முறுக்கிக்கொண்டு இருக்கும். ஒரு கண்ணி என்னைப் பார்த்தால் அடுத்தது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காய்ந்ததும் கண்ணி கண்ணியாக விட்டு, போகிறவர் மேல் ஏறிக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது முந்தானையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அவர் அப்படித்தான் இழுப்பார், நாலு பேர் இருக்கும் இடத்தில் கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டு. திரும்பிப் பார்த்தால் செடி நிற்கும். அந்த ஐப்பசி முழுக்க நான் எத்தனை தடவை திரும்பியிருப்பேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கடுக்காய் மூட்டையோடு இரண்டு தடவை ஜீப்பில் கீழே இறங்கினேன். விற்கப் போவதாகச் சொன்னது வெறும் சாக்குதான். வழியெல்லாம் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்று இலைச் செடி எத்தனையோ நின்றது. ஒன்றிலும் அந்தப் பூ இல்லை. மகன் சொன்ன பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு தடவை அவனோடு போனேன். சுற்றிலும் சிமெண்டுத் தரை. அங்கே இறங்கின ஆள் மேல் இது ஒட்ட வழியே இல்லை. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அடுத்த பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் மறுபடி இலையைப் பற்றிக் கேட்பான்.

கார்த்திகைக் கடைசியில் கொழுந்தன் வந்தான். பையைக் கொடுத்த நாளிலிருந்து அவன் என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. எதிரில் வந்தால் வேறு தடத்தில் திரும்பிவிடுவான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், முறைக்கு அழைக்காமல் இருக்க முடியாது. புது வேட்டி கட்டி, வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான். நான் பின்பக்கம் துவரை உரித்துக்கொண்டிருந்தேன். முன்கதவு சாத்தியிருந்ததால், "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே பக்கவாட்டுத் தடத்தில் வந்தான்.

அந்தத் தடத்தில் அவரைக் கொடி பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தது. அதை உரசிக்கொண்டு வந்தான். மூலைக்கு வந்தவன் நின்றான். தட்டை இடது கைக்கு மாற்றினான். வேட்டியைத் தொடை வரைக்கும் சுருட்டிப் பிடித்தான். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து அந்த ஆறேழு செடியைக் கடந்தான்.

அதுவரைக்கும் அந்தத் தடத்தில் வந்த ஒருவரும் அப்படி வந்ததில்லை. என் மகனும் அப்படி வந்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரியும் வந்ததில்லை. எல்லோரும் நேராக வந்து, ஒட்டிக்கொண்ட பிறகுதான் 'இன்னாடா இது' என்று குனிந்து பார்ப்பார்கள். அது என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாருக்கும் முன்னாலேயே தெரியாது.

தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்தேன்.

"அது ஒட்டும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எது அண்ணி?"

"இப்ப வேட்டியத் தூக்குனியே, அது."

"செடின்னா ஒட்டத்தான் செய்யும்."

"அவரைக் கொடிக்குத் தூக்கலியே."

என் வாழ்நாளில் ஓர் ஆம்பளையை எதிர்த்து நான் கேட்டது அந்த மூன்று பேச்சுதான். அவன் செடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இத எங்கேர்ந்து கொண்டாந்தீங்க?" என்றான்.

"நீதான் கொண்டாந்த. பையில இருந்துச்சு."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். புது வேட்டி மண்ணில் பட்டது.

"எஸ்டேட்டுக்குப் போவல அண்ணி" என்றான். "ஆந்திரா பக்கம் போனோம். செம்மரம் வெட்ட."

எங்கள் மலையிலிருந்து அந்த வேலைக்குப் போய் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. வீட்டுக்குத் தெரிந்தால் விடமாட்டோம் என்று எஸ்டேட் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். காட்டுக்குள் போய்ச் சேரவேயில்லையாம். ஆள் நடமாட்டத்தைப் பார்த்துப் பயந்து, வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் நடை. மத்தியான வெயிலில், உழாமல் விட்ட ஒரு பெரிய நிலத்துக்குப் பக்கத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. வியர்த்துக் கொட்டியிருக்கிறது. நடக்க முடியவில்லை. அவர் கட்டியிருந்த லுங்கியையே அவிழ்த்து, ஒரு கம்பில் தூளி மாதிரி கட்டி, அரை டவுசரோடு அவரை அதில் படுக்கவைத்து, ரோடு எங்கே என்று தேடித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நிலம் முழுக்க அந்தச் செடி, நெஞ்சு உயரத்துக்கு, காய்ந்து நின்றிருக்கிறது.

"ரோடு தெரியற வரைக்கும்கூட அவரு தாங்கல. அங்கயே ஓரமா ஒரு வேப்பமரம். அதுங்கீழ கத்தியாலயே கொத்தி... கல்லு அடுக்கி வெச்சிட்டு வந்தோம். வெளிய சொன்னா மூணு பேர் மேலயும் கேஸு. சாமி மேல சத்தியம் பண்ணிக்கினு வந்தோம் அண்ணி."

"தண்ணி குடுத்தீங்களா?"

"பாட்டில்ல இருந்துச்சு. ரெண்டு மொடக்கு குடிச்சாரு."

"தலை?"

"தெக்கதான் வெச்சோம். அத மட்டும் சரியாப் பண்ணோம்."

"ஏதாவது சொன்னாரா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "தூளிக்குள்ள கைய உட்டுத் தடவிக்கினே வந்தாரு. 'இன்னாடா இது, லுங்கியெல்லாம் இப்படி அப்பிக்கிச்சி. வூட்டுக்குப் போனா உங்க அண்ணிதான் ஒக்காந்து ஒண்ணொண்ணா பிடுங்கணும்'னாரு. சிரிச்சாரு. அவ்ளோதான்."

நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்பங்கரையில் அவர் தட்டு மூடியபடி இருந்தது. ரொம்ப நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். வெற்றிலைத் தட்டு மட்டும் இருந்தது.

மகனிடம் சொன்னபோது அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். "தண்ணி குடுத்தவங்கடா" என்றேன். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு அழுதான். ஊருக்கு, வெளியூரில் நெஞ்சுவலியில் செத்தார், தகவல் வந்தது என்று மட்டும் சொன்னோம். இந்த விவரம் வெளியே போகாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். மூவரில் இருவர் இப்போது இல்லை. கொழுந்தன் படுத்த படுக்கையாக இருக்கிறான். "எழுதுங்க அண்ணி, இனிமே யார் வந்து என்னைப் புடிக்கப்போறாங்க?" என்று அவனே சொல்லிவிட்டான்.

செத்தவர்களின் உடம்பு கிடைக்காவிட்டால் அவர்கள் உடுத்திய துணியை வைத்து அடக்கம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முந்தின நாள், லுங்கியை மடியில் விரித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். விட்ட பாதியைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணி, இன்னொரு கண்ணி. மகன் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்றேன். வெயில் வாசலிலிருந்து சுவருக்கு ஏறும்போது முடிந்தது. சிவப்பு நூல் தையல் பளிச்சென்று தெரிந்தது. லுங்கியைத் துவைத்துக் காயவைத்தேன். பிடுங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சுடுகாட்டில் குழிக்குள் லுங்கியும் சட்டையும் தெற்கே தலையாகப் படுத்தன. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் மண்ணை எடுக்கவில்லை. குழியை மூடி மேடு கட்டியதும் முந்தானையை அவிழ்த்து மேலே உதறினேன். அங்கே அவர்மேல் அதுதான் நிற்கிறது. இங்கேயும் அதுவே நிற்கட்டும். அன்றைக்குக் கழுத்தில் இருந்ததையும் கழற்றினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் மகன் இலையோடு வந்து நின்றான். இந்தத் தடவை கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"மூணு."

அடுத்த ஆடியில் அந்த மேட்டில் ஓர் ஆள் நீளத்துக்குச் செடி நின்றது. பக்கத்தில் எங்கேயும் இல்லை, அந்த ஆறடிக்குள் மட்டும். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அண்ணன் செடியா வந்துட்டாருக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தூவியது என்று அவளிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் அதற்கு அந்தப் பேர். சாவுக்குப் போகிறவர்கள் வேட்டியிலும் சேலையிலும் ஒட்டி, இப்போது சாமைக் கொல்லை வரைக்கும் போய்விட்டது. களை எடுக்கும் பெண்கள் அவர் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே பிடுங்குகிறார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பின்பக்கத் தடத்தில் நடக்கும்போது இன்னும் முந்தானை இழுபடுகிறது. யார் என்று தெரிந்த பிறகும் திரும்பித்தான் பார்க்கிறேன். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சேலையில் ஒட்டியதை ஒன்றொன்றாகப் பிடுங்குகிறேன். பிடுங்குவதைப் போட ஒன்று வேண்டும். அவர் தட்டில் போடுகிறேன்.